ஒன்றன் இடத்தில் மற்றொன்று

நுழையும்முன்

எட்டிப் பிடித்து அளக்க இயலாத உயரத்தை நிலத்தில் நின்றபடியே அறிய முடியும். அறியாத இரண்டினை ஒருசேர அறிவதற்குக் கணிதம் வகுத்துத் தந்த எளிய வழி, பிரதியிடல் முறை. அம்முறையின் இயல்பையும் எல்லையையும் நில அளவைக் கல்வியோடு தொடர்புடைய கிண்டிப் பகுதியின் வரலாற்றோடும் தமிழ் இலக்கண மரபோடும் இணைத்து விளக்குகிறது இப்பாடம்.

அறியாதவை இரண்டு

சென்னைப் புறநகர் இருப்புப்பாதையில் கிண்டியைக் கடந்து தெற்கே செல்லும் தொடர்வண்டி அடுத்து நிற்கும் நிலையம் பரங்கிமலை. நிலையத்திற்குப் பெயர் தந்த அம்மலை ஏறத்தாழ 300 அடி உயரமுடையது. மலைகள் நிறைந்த மாவட்டங்களில் பிறந்தவர்களுக்கு இது குன்றாகவே தோன்றும். ஆயினும் இக்குன்றின் உயரத்தை அளந்து சொல்லுமாறு ஒருவரைப் பணித்தால், அவர் எங்கிருந்து தொடங்குவார்?

மலைமீது செல்லும் பாதையை அளந்தால் பாதையின் நீளம் கிடைக்கும், உயரம் கிடைக்காது. உச்சியிலிருந்து நேர்கீழாக நூல்விட்டு அளக்கப் பாறை இடந்தராது. தொலைவில் நின்று, உச்சியைப் பார்க்கும் கோணத்தைக் கொண்டு கணக்கிடலாம் எனில், நிற்கும் இடத்திலிருந்து உச்சிக்கு நேர்கீழுள்ள புள்ளிவரை உள்ள தொலைவு தெரிந்தாக வேண்டும். அப்புள்ளியோ மலைக்குள் புதைந்து கிடக்கிறது; அங்குவரை சங்கிலி பிடிக்க இயலாது. ஆகவே இக்கணக்கில் அறியாதவை இரண்டு. ஒன்று உயரம், மற்றொன்று தொலைவு. தொலைவு தெரிந்தால் உயரம் தெரியும். உயரம் தெரிந்தால் தொலைவு தெரியும். இரண்டுமே தெரியாதபோது என்ன செய்வது என்பதே வினா.

இவ்வினா ஏட்டுக் கணக்கில் மட்டும் எழுவதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே நிலப்பகுதியில் நின்ற நில அளவர்களுக்கு இதையொத்த வினாக்களே அன்றாடப் பணியாக இருந்தன.

அளவைக்குப் பெயர்பெற்ற மண்

1794-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் தோன்றிய அப்பள்ளியே காலப்போக்கில் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1920-ஆம் ஆண்டு கிண்டியிலுள்ள இன்றைய வளாகத்திற்கு இடம்பெயர்ந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரி என்று பெயர்பெற்றது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் உறுப்பாயிற்று. இன்று கணினியும் மின்னணுவும் கற்பிக்கும் அக்கல்லூரியின் வேர், நிலத்தை அளக்கக் கற்பித்த பள்ளியில் இருக்கிறது.

பள்ளி தொடங்கிய எட்டாம் ஆண்டில், 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலையை அடுத்த சமநிலத்தில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டினை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோட்டினை அளந்து முடிக்க மே மாதப் பிற்பகுதி வரை ஆயிற்று. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையையும் கணக்கில் கொண்டனர்.

ஒரு கோட்டினை அளக்க இவ்வளவு பாடு எதற்கு? அந்த ஒரு கோட்டின் நீளம் ஐயமின்றித் தெரிந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் இலக்கை நோக்கிக் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதனை அடுத்து மற்றொன்று என நாடு முழுவதையும் முக்கோணங்களால் போர்த்திவிடலாம். பெரும் முக்கோண அளவை எனப் பெயர்பெற்ற அப்பணி இவ்வாறே பரங்கிமலையடியிலிருந்து விரிந்தது.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. சென்னைக் கடற்கரைக்கும் மங்களூர்க் கடற்கரைக்கும் இடையிலான அகலம் ஏறத்தாழ 400 மைல் என்று அதற்கு முன் கருதப்பட்டது. முக்கோணங்களைத் தொடுத்துச் சென்று கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 360 மைல் என்று தெளிவாயிற்று. நிலப்படத்தில் இருந்து, நிலத்தில் இல்லாத நாற்பது மைல் அகற்றப்பட்டது. தவறான நிலப்படத்தை நம்பிச் சாலையோ கால்வாயோ வகுப்பவர் எத்தகைய இடருக்கு ஆளாவார் என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கணக்கின் அருமை புலப்படும்.

தெரிந்து தெளிவோம்

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், நிலம், நெல், பொன், காலம் முதலியவற்றின் அளவைகளையும் கணக்குகளையும் செய்யுள் வடிவில் கூறும் தமிழ்க் கணித நூல். பலாப்பழத்தைப் பிளக்காமலே அதன் சுளைகளின் எண்ணிக்கையை மதிப்பிட அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பினை ஒட்டிச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அவ்வழி. காணாத ஒன்றைக் காண்கின்ற ஒன்றால் அளக்க முயலும் சிந்தனை தமிழ்க் கணக்கு மரபில் வேரூன்றி இருந்ததற்கு இது சான்று.

முறையின் அடிப்படை

மலையின் உயரத்தைக் காணும் முன், சிறிய கணக்கு ஒன்றைக் கொண்டு பிரதியிடல் முறையை அறிந்துகொள்வது நன்று.

கிண்டி சிறுவர் பூங்காவைக் காண ஒரு குழு வருகிறது எனக் கொள்வோம். குழுவில் மொத்தம் 45 பேர். பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 60 ரூபாய் எனவும், சிறுவர் ஒருவருக்கு 10 ரூபாய் எனவும் வைத்துக்கொள்வோம். குழு செலுத்திய மொத்தக் கட்டணம் 950 ரூபாய். பெரியவர் எத்தனை பேர்? சிறுவர் எத்தனை பேர்?

பெரியவர் எண்ணிக்கையை ‘ப’ எனவும் சிறுவர் எண்ணிக்கையை ‘ச’ எனவும் குறிப்போம். கூறப்பட்ட செய்திகள் இரண்டு. அவை இரண்டு சமன்பாடுகளாகின்றன.

ப + ச = 45 ... (1)
60ப + 10ச = 950 ... (2)

முதல் சமன்பாடு தனித்து நின்று விடை தராது. பெரியவர் ஒருவர், சிறுவர் 44 பேர் என்றும் இருக்கலாம். பெரியவர் 20 பேர், சிறுவர் 25 பேர் என்றும் இருக்கலாம். ஆனால் அது ஓர் உறவைக் கூறுகிறது. பெரியவர் எத்தனை பேராயினும், அத்தொகையை 45-இலிருந்து கழித்தால் வருவதே சிறுவர் தொகை. அதாவது,

ச = 45 − ப

இப்போதும் ‘ச’ என்னவென்று தெரியாது. ஆனால் ‘ச’ நிற்கும் இடத்தில் எதனை நிறுத்தலாம் என்பது தெரிந்துவிட்டது. இரண்டாம் சமன்பாட்டில் ‘ச’ நிற்கும் இடத்தில் ‘45 − ப’ என்பதனை நிறுத்துவோம்.

60ப + 10(45 − ப) = 950
60ப + 450 − 10ப = 950
50ப = 500
ப = 10

‘ப’ தெரிந்தவுடன், ச = 45 − 10 = 35. பெரியவர் 10 பேர்; சிறுவர் 35 பேர்.

விடை கண்டதோடு பணி முடிவதில்லை. கண்ட விடையை இரு சமன்பாடுகளிலும் வைத்துச் சரிபார்த்தல் வேண்டும். 10 + 35 = 45. 600 + 350 = 950. இரண்டும் பொருந்துகின்றன. முதல் சமன்பாட்டில் மட்டும் சரிபார்த்துவிட்டு நிறைவடைவது போதாது. ‘ச’ என்பதை அச்சமன்பாட்டிலிருந்தே பெற்றதால், இடையில் பிழை நேர்ந்திருந்தாலும் அது பொருந்திவிடும். பிழையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மற்றைய சமன்பாடே.

இம்முறையில் நிகழ்வது இதுதான்: அறியாத இரண்டனுள் ஒன்றை மற்றொன்றால் சொல்லிவிட்டால், அறியாதது ஒன்றே எஞ்சுகிறது. ஒன்றே அறியாததாக உள்ள சமன்பாட்டைத் தீர்ப்பது எளிது. அறியாமையை ஒரே அடியில் நீக்க முயலாமல், முதலில் அதனைப் பாதியாகக் குறைப்பதே பிரதியிடல்.

ஆகுபெயரும் பிரதியிடலும்

ஒன்றன் இடத்தில் மற்றொன்றை நிறுத்துவது தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. ‘ஊர் திரண்டது’ என்னும்போது ஊர் என்னும் பெயர் ஊரில் வாழும் மக்களுக்கு ஆகி வருகிறது. ‘தலைக்கு ஒரு சீட்டு’ என்னும்போது தலை என்னும் உறுப்பின் பெயர் அதனையுடைய ஆளுக்கு ஆகி வருகிறது. முன்னது இடவாகுபெயர், பின்னது சினையாகுபெயர். எப்பெயரும் எப்பொருளுக்கும் ஆகிவிடாது. இரண்டிற்கும் இடையே தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது இலக்கணம் விதிக்கும் வரையறை.

கணிதம் இதனினும் கடுமையான வரையறையை விதிக்கிறது. அங்குத் தொடர்பு மட்டும் போதாது, சமன் வேண்டும். ‘45 − ப’ என்பது ‘ச’ என்பதற்குச் சற்றும் கூடாமல் குறையாமல் ஈடாக இருப்பதாலேயே அதன் இடத்தில் அமர உரிமை பெறுகிறது. அவ்வுரிமையைப் பெற்றுத் தருவது முதல் சமன்பாடு. மேலும், ‘45 − ப’ என்பது முழுமையாக ‘ச’ நின்ற இடத்தில் அமர வேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிட்டு 10 × 45 − ப என எழுதினால், 45 மட்டுமே பத்தால் பெருக்கப்படும். ‘ப’ பெருக்கப்படாமல் நின்றுவிடும். மாணவர் செய்யும் பிழைகளுள் பெரும்பகுதி இங்குதான் நேர்கிறது. அடைப்புக்குறி அழகுக்காக இடப்படுவதன்று. புதிதாக வந்து அமரும் கோவை ஒரே பொருளாக நிற்கிறது என்பதைக் காப்பதற்காக இடப்படுவது.

அறியாதவற்றுக்குப் பெயரிடுதல்

அறியாதவற்றை எழுத்துகளால் குறிக்கும் வழக்கம் இந்தியக் கணிதத்தில் தொன்மையானது. வடமொழிக் கணித நூலார் முதல் அறியாததற்கு ‘யாவத்தாவத்’, அதாவது ‘எவ்வளவோ அவ்வளவு’, என்று பெயரிட்டனர். அடுத்தடுத்த அறியாதவற்றுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என நிறங்களின் பெயர்களை வைத்து, அவற்றின் முதலெழுத்துகளையே குறியீடுகளாகக் கொண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய பீஜகணிதத்தில் இவ்வழக்கம் விரிவாகக் காணப்படுகிறது.

அதற்கும் முன்னதாக, கி.பி. 499-இல் தோன்றிய ஆரியபட்டீயம் ஒரு கணக்கிற்கு வழி கூறுகிறது. இருவரிடம் உள்ள செல்வம் சமம். ஒவ்வொருவரிடமும் விலை தெரியாத பொருள்கள் சிலவும் காசுகள் சிலவும் உள்ளன. பொருளின் விலை என்ன? எடுத்துக்காட்டாக, ஒருவரிடம் 6 பொருளும் 100 காசும், மற்றவரிடம் 8 பொருளும் 40 காசும் இருப்பின், காசுகளின் வேறுபாடாகிய 60-ஐப் பொருள்களின் வேறுபாடாகிய 2-ஆல் வகுக்க, ஒரு பொருளின் விலை 30 காசு என்று கிடைக்கும். இருவர் செல்வமும் 280 காசு. செல்வம் எவ்வளவு என்பது தெரியாது. ஆயினும் அது இரு வகையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இரு கூற்றுகளையும் எதிரெதிரே நிறுத்தியவுடன் செல்வம் என்னும் அறியாதது விலகிக்கொள்கிறது. மலையின் உயரத்தைக் காண உதவும் திறவுகோலும் இதுவே.

மலையின் உயரம்

உயரத்தை ‘உ’ எனவும் தொலைவை ‘தொ’ எனவும் குறிப்போம். அளவர் சமதளத்தில் ஓரிடத்தில் கோணமானியை நிறுத்தி உச்சியை நோக்குகிறார். அவ்விடத்தில் அமையும் ஏற்றக்கோணத்தின்படி, உயரம் தொலைவில் ஐந்தில் ஒரு பங்கு எனத் தெரிகிறது. இது முதல் செய்தி.

உ = தொ ÷ 5 ... (1)

இச்செய்தி ஒன்றே போதாது. ஆகவே அவர் மலைக்கு எதிர்த்திசையில், அதே நேர்கோட்டில், 500 அடி பின்னோக்கிச் செல்கிறார். இந்த 500 அடி சமநிலத்தில் உள்ளது. அதனைச் சங்கிலியால் அளக்க முடியும். அங்கிருந்து மீண்டும் நோக்கும்போது உச்சி சற்றுத் தாழ்ந்து தெரிகிறது. இப்போது உயரம் புதிய தொலைவில் இருபதில் மூன்று பங்கு.

உ = 3(தொ + 500) ÷ 20 ... (2)

உயரம் இரண்டிடத்தும் ஒன்றே. அளவர் நகர்ந்தார், மலை நகரவில்லை. ஆகவே இரண்டாம் சமன்பாட்டில் ‘உ’ நிற்கும் இடத்தில் ‘தொ ÷ 5’ என்பதனை நிறுத்தலாம்.

தொ ÷ 5 = 3(தொ + 500) ÷ 20

இருபுறமும் 20-ஆல் பெருக்க,

4தொ = 3தொ + 1500
தொ = 1500

உ = 1500 ÷ 5 = 300

தொலைவு 1500 அடி. உயரம் 300 அடி. சரிபார்க்க, இரண்டாம் இடத்திலிருந்து தொலைவு 2000 அடி. அதில் இருபதில் மூன்று பங்கு 300 அடி. விடை பொருந்துகிறது. கோணமானி தாங்கியின்மீது நிற்பதால், அதன் உயரத்தையும் இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இக்கணக்கில் உள்ள எண்கள் எளிமைக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. வழியோ அளவர் பின்பற்றும் உண்மையான வழி. பாறைக்குள் புதைந்த புள்ளியை எவரும் தொடவில்லை. உச்சிக்கு எவரும் ஏறவில்லை. காலடியில் இருந்த 500 அடி நிலத்தை மட்டுமே அளந்தனர். அளக்க முடிந்த ஒன்று, அளக்க முடியாத இரண்டினைத் தந்துவிட்டது.

நன்னூல் காட்டும் குற்றங்கள்

இரண்டு சமன்பாடுகள் இருந்தால் போதும், விடை கிடைத்துவிடும் என்று கருதுவது தவறு. சமன்பாடுகளும் கூற்றுகளே. கூற்றில் குற்றம் இருப்பின் விடையிலும் குறை நேரும். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் தொகுத்துரைக்கிறார். அவற்றுள் நான்கினைச் சமன்பாடுகளின் தொகுப்போடு ஒப்பிட்டு நோக்கலாம்.

குன்றக் கூறல்: ‘ப + ச = 45’ என்பது மட்டும் கூறப்பட்டால், விடைகள் பலவாகும். அறியாதவை இரண்டாக இருக்கச் செய்தி ஒன்றாகக் குன்றியதே காரணம்.

கூறியது கூறல்: ‘ப + ச = 45’, ‘2ப + 2ச = 90’ எனக் கூறினால், பார்வைக்குச் செய்திகள் இரண்டு; உண்மையில் ஒன்றே. பிரதியிட்டால் 2ப + 90 − 2ப = 90 என வரும். ‘ப’ மறைந்து, 90 = 90 என்பது மட்டும் எஞ்சும். அது பொய்யன்று, ஆயினும் அதனால் புதிதாக அறிவது ஒன்றுமில்லை. ஒரு சமன்பாட்டிலிருந்து பெற்ற கோவையை மறதியால் அதே சமன்பாட்டில் பிரதியிடும்போதும் இந்நிலையே ஏற்படும்.

மாறுகொளக் கூறல்: ‘ப + ச = 45’, ‘2ப + 2ச = 100’ எனக் கூறினால், இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பிரதியிட்டால் 90 = 100 என்னும் பொருந்தாத முடிவு வரும். அது பிரதியிடல் முறையின் தோல்வியன்று. தரப்பட்ட செய்திகளுள் ஒன்றேனும் தவறானது என்பதை அம்முறை வெளிப்படுத்துகிறது. அத்தொகுப்பிற்குத் தீர்வு இல்லை.

மிகைபடக் கூறல்: பூங்காக் கணக்கில் ‘சிறுவர், பெரியவரைவிட 25 பேர் மிகுதி’ என்று மூன்றாவதாக ஒரு செய்தியும் கூறப்பட்டால், அது தேவைக்கு மிகுதி. இரு செய்திகளே விடை தரப் போதுமானவை. ஆனால் இங்கு நூலியற்றுவோர் வழியும் அளவர் வழியும் பிரிகின்றன. நூலில் மிகை குற்றம். அளவையில் மிகை காவல். ஒரு முக்கோணத்தில் இரு கோணங்கள் தெரிந்தால் மூன்றாவது தானே தெரிந்துவிடும். ஆயினும் அளவர், இயலும் இடமெல்லாம் மூன்றாம் கோணத்தையும் நேரில் சென்று அளப்பர். சிறு முக்கோணமாயின் மூன்றன் கூட்டுத்தொகை 180 பாகையாக அமைதல் வேண்டும். அமையாவிடில், எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்பதை அந்த மிகைச் செய்தி உணர்த்திவிடும்.

இரு பார்வைகளின் இடைவெளி

குற்றம் ஏதுமின்றி இரு செய்திகள் இருந்தும், விடை பிழைபடும் நிலை ஒன்று உண்டு. இரு செய்திகளும் ஒன்றோடொன்று மிகவும் ஒத்திருந்தால் அந்நிலை ஏற்படும்.

மேற்கண்ட மலைக் கணக்கில், அளவர் 500 அடிக்கு மாற்றாக 50 அடி மட்டும் பின்னோக்கிச் சென்றார் எனக் கொள்வோம். 300 அடி உயரமுள்ள மலையின் உச்சியை 1550 அடித் தொலைவிலிருந்து நோக்கினால், உயரத்திற்கும் தொலைவிற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 0.1935. இதனைச் சற்றே பிழையாக 0.19 என்று பதிந்துவிட்டால், கணக்கு பின்வருமாறு அமையும்.

0.2தொ = 0.19(தொ + 50)
0.01தொ = 9.5
தொ = 950
உ = 0.2 × 950 = 190

விகிதத்தில் நேர்ந்த பிழை 0.0035 மட்டுமே. உயரத்தில் நேர்ந்த பிழையோ 110 அடி. மலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் காணாமற்போய்விட்டது.

அளவர் 500 அடி பின்னோக்கிச் சென்றிருந்து, அங்கும் இதே அளவு பிழையைச் செய்து, 0.15 என்பதை 0.1465 எனப் பதிந்திருந்தால், உயரம் ஏறத்தாழ 274 அடி என்று வந்திருக்கும். பிழை உண்டு, ஆயினும் அது 26 அடியளவில் நின்றுவிடுகிறது. கருவி ஒன்றே, பிழையின் அளவும் ஒன்றே. அளவர் நின்ற இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

அருகருகே நின்று நோக்கிய இரு பார்வைகள் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. அவற்றின் சிறு வேறுபாட்டிலிருந்து விடையைப் பிழிந்தெடுக்க முயலும்போது, கருவியின் பிழையும் அவ்வேறுபாட்டோடு கலந்துவிடுகிறது. போதிய இடைவெளியோடு அமைந்த இரு பார்வைகளே நம்பத்தக்க விடை தருகின்றன. பரங்கிமலையடியில் ஏழரை மைல் நீளத்திற்கு அடிக்கோடு இட்டதன் காரணம் இதனால் விளங்கும். ஒரே கருத்துடைய இருவரைக் கேட்டு முடிவெடுப்பதினும், வேறு வேறு இடங்களில் நின்று கண்ட இருவரைக் கேட்டு முடிவெடுப்பது நன்று என்பதற்குக் கணிதம் தரும் விளக்கமாகவும் இதனைக் கொள்ளலாம்.

சென்றடையாத சிகரம்

பரங்கிமலையடியில் தொடங்கிய முக்கோணத் தொடர் தெற்கும் வடக்கும் வளர்ந்து, லாம்டனின் மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இமயமலையின் அடிவாரத்தை எட்டியது. அக்காலத்தில் நேபாள நாட்டிற்குள் அளவர் நுழைய இசைவு இல்லை. ஆகவே நூறு மைலுக்கும் அப்பால், இந்தியச் சமவெளியில் அமைந்த பல நிலையங்களிலிருந்து சிகரங்களை நோக்கிக் கோணங்களை அளந்தனர். காற்று ஒளியை வளைப்பதையும் புவியின் கோள வடிவையும் கணக்கில் கொண்டு, உயரங்களைக் கணித்தனர். அப்போது அளவைத் துறையின் தலைமைக் கணிப்பாளராக விளங்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தர். 1856-ஆம் ஆண்டு, இன்று எவரெஸ்ட் எனப்படும் சிகரத்தின் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது.

மனிதர் அச்சிகரத்தில் கால்பதித்தது 1953-இல்தான். நேபாளமும் சீனாவும் இணைந்து 2020-இல் அறிவித்த உயரம் 8848.86 மீட்டர், அடிக்கணக்கில் ஏறத்தாழ 29,032. சிகரத்தை எவரும் தொடுவதற்கு நூறாண்டுகளுக்கு முன், தொலைவில் நின்று கணித்த அளவிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 30 அடி.

இன்று கைப்பேசி தன் இருப்பிடத்தைக் காட்டுவதும் இவ்வழியிலேயே. இடத்தைக் குறிக்கும் மூன்று அளவுகளும், கைப்பேசிக் கடிகாரத்தின் பிழையும் ஆக அறியாதவை நான்கு. எனவே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து வரும் குறிப்புகள் அதற்குத் தேவைப்படுகின்றன. அறியாதவை எத்தனையோ, அத்தனை செய்திகள் வேண்டும். அச்செய்திகள் ஒன்றையொன்று திரும்பச் சொல்லாதவையாகவும் முரண்படாதவையாகவும் இருத்தல் வேண்டும். பூங்காக் கணக்கில் கண்ட நெறியே இங்கும் செயற்படுகிறது.

பிரதியிடல் முறை கற்பிப்பது விடைகாணும் உத்தியை மட்டுமன்று. தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு பெயரிடுதல், அதற்கும் பிறவற்றுக்கும் உள்ள உறவைப் பிழையின்றிக் கூறுதல், ஒன்றன் இடத்தில் அதற்கு ஈடானதை மட்டுமே நிறுத்துதல், கண்ட முடிவை எல்லாச் செய்திகளோடும் வைத்துச் சரிபார்த்தல் ஆகிய நான்கும் அதன் படிகள். மலையை அளப்பவர்க்கும், கணக்கினைத் தீர்ப்பவர்க்கும், ஒரு வழக்கின் உண்மையை ஆராய்பவர்க்கும் இப்படிகள் பொதுவானவை.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கொடிமரத்தின் அடியை அணுகாமல், இரு இடங்களில் நின்று நோக்கி அதன் உயரத்தைக் கணக்கிடுக. பின்னர் வேறு வழியில் அளந்து, இரு விடைகளையும் ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் நிலம், நெல், நெசவு, தச்சு ஆகியவற்றில் வழங்கும் அளவைப் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.

திறன் அறிவோம்

குறுவினா

1. மலையின் உயரத்தைக் காண ஓரிடத்தில் அளந்த கோணம் மட்டும் போதாமைக்குக் காரணம் யாது?

2. பிரதியிடலில் அடைப்புக்குறி இடுவதன் தேவை யாது?

சிறுவினா

1. ஆகுபெயருக்கும் பிரதியிடலுக்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் எழுதுக.

2. ஒரு கடையில் 3 குறிப்பேடும் 2 எழுதுகோலும் 130 ரூபாய். ஒரு குறிப்பேட்டின் விலை ஓர் எழுதுகோலின் விலையைவிட 10 ரூபாய் மிகுதி. பிரதியிடல் முறையில் இரண்டின் விலையையும் கண்டு, விடையைச் சரிபார்க்க.

நெடுவினா

‘நூலில் மிகை குற்றம், அளவையில் மிகை காவல்’ – நன்னூல் கூறும் குற்றங்களைச் சமன்பாடுகளின் தொகுப்போடு ஒப்பிட்டு, இக்கூற்றினை விளக்குக.